என் வீட்டுச் சாவுக்கு எனக்கு அழ வரவில்லை

எனக்கு எழுபத்தொரு வயது முடிந்துவிட்டது. மூன்று பேரைப் பெற்று மூன்று பேரையும் வளர்த்து ஆளாக்கினேன். மூத்தது பெண். அடுத்த இரண்டும் பையன்கள். தில்லி ஆர்.கே.புரத்தில் பெரிய பையனுக்குக் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ். அவன், மருமகள், அவர்கள் பிள்ளை, நான், நாலு பேரும் இங்கே இருக்கிறோம். சின்னவன் பெங்களூரில். பெண் துவாரகாவில்தான் இருக்கிறாள். மெட்ரோவில் ஏறினால் வந்துவிடலாம். வருவதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். அதிலும் பாதி நாள் போகவில்லை. பெண் மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில், அவள் சத்தம் போட்டுப் பாடம் படிப்பாள், நான் பக்கத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டு கேட்பேன். அப்படித்தான் மறந்துபோன எழுத்தெல்லாம் எனக்குத் திரும்ப வந்தது. மெதுவாக எழுதுவேன். தப்பு இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். போனில் பேசினால் அவள் வைத்துவிடுகிறாள். எழுதிய காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

எனக்குப் படிப்பு இல்லையே தவிர, இந்த ஊரில் என்னைத் தெரியாத தமிழ் வீடு இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். எங்களுக்குத் திருவாரூர்ப் பக்கம். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் பெண்கள் சும்மா அழமாட்டார்கள். போனவர் எப்படி இருந்தார், என்ன செய்தார் என்று சொல்லிச் சொல்லி, ராகம் போட்டு அழுவார்கள். அதுதான் ஒப்பாரி. கல்யாணமாகி கிட்வாய் நகருக்கு வந்தபோது அவர் மத்திய சர்க்கார் ஆபீஸில் கிளார்க். வந்த கொஞ்ச நாளில் எதிர் பிளாக்கில் ஒருவர் இறந்துபோனார். போய்ப் பார்த்தால், திருநெல்வேலிக்காரர்கள், மதராஸ்காரர்கள், கோயமுத்தூர்க்காரர்கள் எல்லோரும் சுவரோரம் நிற்கிறார்கள். யாருக்கும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இறந்தவருடைய சம்சாரம் மூச்சு அடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அவரு காலையில எழுந்தா மொதல்ல என்னம்மா செய்வாரு?" என்று கேட்டேன். "பால் வாங்கப் போவாரு" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

பால் பூத்து வாசலிலே வரிசையிலே நின்னவரே
பாதியிலே வரிசைய விட்டு எங்கே போனீயளோ

அந்த அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சுவரோரம் நின்றவர்களும் அழுதார்கள். தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரம்மா, வெள்ளைத் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு, அவளும் அழுதாள்.

அதிலிருந்து கிட்வாய் நகர், மோதி பாக், ஆர்.கே.புரம், எங்கே தமிழ் வீட்டில் துக்கம் என்றாலும் ஆள் வரும். "அக்கா, நீங்க வரணும்." போவேன். ஒரு வீட்டுக்குச் சொன்னதை இன்னொரு வீட்டுக்குச் சொல்லமாட்டேன். ஒரு வாய்த் தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. கூலிக்கு அழுகிறவள் இல்லை நான்.

இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒப்பாரியைச் சும்மா பாடக் கூடாது. மற்றப் பாட்டு மாதிரி அடுப்படியில் முணுமுணுக்கக் கூடாது, பழகிப் பார்க்கக் கூடாது. விளக்கு எரிகிற வீட்டில் அந்த ராகம் வாயில் வந்தால் சாவைக் கூப்பிட்ட மாதிரி. அதனால் துக்கம் நடந்த வீட்டு வாசலில் கால் வைக்கிற வரைக்கும் என் தொண்டை எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாது. வயதான பிறகு நான் போவதும் குறைந்துவிட்டது. கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸை இடித்தார்கள், தெரிந்தவர்கள் திசைக்கொன்றாகப் போனார்கள். கடைசியாக எப்போது வாயைத் திறந்தேன் என்று நினைவில்லை.

வியாதி வந்தது எனக்குத் தெரியவில்லை. மெதுவாக வந்தது. முதலில் குளிர். ஜூன் மாதம் ஊரே கூலர் முன்னால் விழுந்து கிடக்கும், நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர், "என்ன, நீ மட்டும் சிம்லாவுல இருக்கியா?" என்பார். அப்புறம் தூக்கம். கீரை ஆய உட்கார்ந்தால் கீரை மேலேயே தலை சாயும். முகம் உப்பியது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. புருவத்தில் வெளிப்பக்கம் இரண்டு ஓரமும் உதிர்ந்துபோய், பாதிப் புருவத்தோடு நின்றேன். பேச்சு மெதுவாகிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லி அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் எதிரில் இருப்பவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். குரல் கட்டையாகிவிட்டது. கேஸ் கம்பெனிக்குப் போன் செய்தால் அந்தப் பையன், "ஹாங் ஜி, அங்கிள்" என்பான். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"நான் போனா இந்தக் குரல்லயா அழப் போற? செத்தவன் பயந்து எழுந்து ஓடிருவான்."

"ஓடுங்களேன். நல்லதுதானே."

அப்படித்தான் பேசிக்கொள்வோம். எல்லோரும் வயசு என்றார்கள், தில்லிக் குளிர் என்றார்கள். கீழ் வீட்டுத் தமிழம்மா, "அத்தன வீட்டுக்கு அழுத தொண்டையில்ல அக்கா, அதான் கட்டிக்கிச்சு" என்றாள். எனக்கே அது சரியாகத்தான் பட்டது.

அவர் போன வருஷத்துக்கு முந்தின தை மாதத்தில் போனார். காலையில் ஷேவ் செய்துகொண்டு, வெயில் வரும் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருமகள் டீ கொண்டுபோய் நீட்டினாள். வாங்கவில்லை.

ஹாலில் கிடத்தினார்கள். தலைமாட்டில் எனக்கு இடம் விட்டு எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள். கிட்வாய் நகரில் கூட இருந்தவர்கள் நொய்டாவிலிருந்தும் ரோஹிணியிலிருந்தும் வந்தார்கள். ஒருத்தி தன் மருமகளிடம் சொன்னது காதில் விழுந்தது. "இப்ப பாரு. அக்கா வாயத் தொறந்தா ஒருத்தரும் தாங்கமாட்டீங்க."

நான் வாயைத் திறந்தேன். இந்த ஊரில் தண்ணீர் நின்றுபோன பிறகு குழாயைத் திறந்தால் ஒரு காற்றுச் சத்தம் வருமே, அதுதான் வந்தது. இன்னொரு தரம் முயன்றேன். அதே சத்தம். சரி, குரல்தான் இல்லை, வார்த்தையாவது வரட்டும் என்று பார்த்தேன். ஊரில் யார் யாரைப் பற்றியோ எனக்கு வரிசையாக வரும். என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்றுகூட வரவில்லை. கண் மணல் போட்ட மாதிரி காய்ந்து கிடந்தது. அவர் போய்விட்டார் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அது என்னிடம் வந்து சேரவில்லை. பக்கத்து வீட்டில் நடப்பது சுவர் வழியாகக் கேட்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் பெண் வந்தாள். படியிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. அப்பா மேல் விழுந்தாள். பிறகு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எங்களில் தாயும் மகளும் அப்படிக் கட்டிக்கொண்டு தலையோடு தலை சேர்த்துத்தான் அழுவோம். அவள் அதற்காகத்தான் வந்தாள். அவளுக்கும் சேர்த்து நான் சொல்ல வேண்டும். அவள் தோள் குலுங்குகிறது. வாசல் கதவு திறந்து கிடந்தது. தை மாதக் காற்று நேரே என் முதுகில் அடித்தது. நான் சொன்னேன்:

"கதவச் சாத்துடி. குளுருது."

அவள் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா போயிட்டாரும்மா."

"ம். கதவச் சாத்து."

அதற்குப் பிறகு நான் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அவர் தலைமாட்டிலேயே. அவரைத் தூக்கும்போது யாரோ என்னை உலுக்கி எழுப்பினார்கள். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி எடுத்த பிறகு, அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"ஊர்ல எல்லார் வீட்டுக்கும் அழுதியேம்மா. எங்கப்பாவுக்கு ஒரு சொட்டு வரலியா?"

"வரலடி. என்னன்னு தெரியல."

"அப்ப அதெல்லாம் என்ன? நடிப்பா? நான் சின்னப் பொண்ணுல உன் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். ஸ்கூல்ல போய்ப் பெருமையா சொல்லியிருக்கேன். யார் யாருக்கோ மார்ல அடிச்சுக்கிட்டு அழுத. அவருக்குக் கதவச் சாத்துன்னு சொன்ன."

"குளுந்துச்சு."

"அய்யோ போதும்மா!"

என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நடிப்பு என்று சொன்னாள். அதற்கும் எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. ஈரத்துணியைப் போர்த்தி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் மூட்டை கட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. காலேஜுக்குப் போகிற தன் பெண்ணிடம் வாரம் ஒரு தரம் டப்பாவில் குழம்பு கொடுத்து அனுப்புகிறாள். குழம்பு வருகிறது, அவள் வருவதில்லை.

மழைக்காலத்தில் கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. மருமகள் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சின்னப் பெண், இந்திக்காரி. காலைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, ஆவாஜ் கப் ஸே ஐஸீ ஹை?" என்றாள். குரல் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டாள். யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. முட்டி போட்டு உட்காரச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியால் தட்டினாள். பாதம் வெடுக்கென்று நகர்ந்து போயிற்று. போனது திரும்பி வர யோசித்து யோசித்து வந்தது. இன்னொரு தரம் தட்டி மருமகளுக்கும் காட்டினாள். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னாள்.

முடிவு வந்ததும் அவளே எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதுதான் உடம்பை ஓட்டுகிறதாம். எனக்கு அது பல வருஷமாகச் சுருங்கி, இப்போது அநேகமாக நின்றே போயிற்றாம். அதனால்தான் குளிர், தூக்கம், மலச்சிக்கல், வீக்கம், குரல் எல்லாமே. தைராய்டு என்றாள். நான் மருமகளிடம், "அழுகையும் அதனாலதானா கேளு" என்றேன். அவளுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. நானே எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "பேட்டி, பதி மர் கயா, ரோனா நஹீ ஆயா." புருஷன் செத்தபோது அழுகை வரவில்லை என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆகும் அம்மா, மனசும் மெதுவாகிப் போகும், உங்கள் தப்பில்லை என்றாள்.

எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பையனைப் பெண்ணுக்குப் போன் போடச் சொன்னேன். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா, அம்மாவுக்குத் தைராய்டாம். ரொம்ப அதிகமாம். அதனாலதான் அன்னைக்கு..."

"தைராய்டா?" என்றாள் அவள். சிரித்தாளோ என்னவோ, ஒரு சத்தம் வந்தது. "எனக்கும்தான்டா இருக்கு. என் சின்னப் பொண்ணு பொறந்ததுலேர்ந்து மாத்திரை போடறேன். எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு இருக்கு. நான் அழலியா?"

பையன் என்னைப் பார்த்தான். போதும் என்று தலையை ஆட்டினேன். அவன் போனை வைத்துவிட்டான்.

அவள் சொன்னதில் தப்பு என்ன? தில்லியில் யாரைக் கேட்டாலும் தைராய்டு இருக்கிறது. மேல் வீட்டுப் பஞ்சாபிக்காரி, "அரே ஆன்ட்டி, யே தோ சப்கோ ஹை" என்று கை வீசிவிட்டுப் போகிறாள். எல்லோருக்கும் இருக்கிற ஒன்று எனக்கு மட்டும் எப்படி அப்படிச் செய்யும்? அவர்கள் மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள், எனக்குப் பல வருஷம் மாத்திரையே இல்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? அன்றைக்கு எனக்கு இன்னொன்றும் உறைத்தது. நான் பெற்ற பெண் இத்தனை வருஷமாகக் காலையில் எழுந்து மாத்திரை போடுகிறாள், எனக்குத் தெரியாது. அவளுக்கும் குளிர்ந்திருக்கும். அவளுக்கும் முடி கொட்டியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை.

மாத்திரை ஆரம்பித்தேன். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போட்டு, தண்ணீர் குடித்து, காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனக்கு வயதாகிவிட்டதால், இதயம் தாங்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள். ரொம்ப நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வீக்கம் வடிந்தது. செருப்பு நுழைந்தது. ஒருநாள் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டேன், மறந்தே போனேன்.

அடுத்த வருஷம் பட்டாணி வருகிற நாள். வண்டிக்காரன் குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். நான் பால்கனியிலிருந்து, "பையா! ருக்கோ!" என்று கூப்பிட்டேன். பார்க்கில் விளையாடிய பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தன. வண்டிக்காரன் நின்று மேலே பார்த்தான். "அம்மா, ஆவாஜ் வாபஸ் ஆ கயீ!" என்றான். குரல் திரும்பி வந்துவிட்டது என்றான். ஆமாம், வந்துவிட்டது. என் பழைய குரல். அப்படியே முழுசாக.

நான் கூடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். பாதிப் படியில் அவர் போய்விட்டார் என்பது என்னிடம் வந்து சேர்ந்தது. அங்கேயே உட்கார்ந்தேன். கண்ணிலிருந்து கொட்டுகிறது, நிற்கவில்லை. மருமகள் ஓடி வந்தாள்.

"அத்தே! என்னாச்சு? விழுந்துட்டீங்களா? யாருக்கு என்ன?"

"மாமா போயிட்டாருடி."

அவள் பயந்துபோனாள். "அத்தே, மாமா போயி ரெண்டு வருஷம் ஆகப் போவுதே" என்றாள். என் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாள் பாவம். என்னைப் பிடித்து மேலே கூட்டி வந்து உட்கார வைத்தாள். எனக்கு வார்த்தை எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, ராகத்தோடு. வாயைத் திறந்து முதல் இழுப்பு இழுத்தேன். அவள் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேணாம் அத்தே. வெளக்கு வைக்கிற வீடு. சின்னப் புள்ள இருக்கான் உள்ள. கோவிச்சுக்காதீங்க."

கோபம் எதற்கு? அவள் சொன்னது நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். வாயை மூடிக்கொண்டேன். இப்போது என்னிடம் குரல் இருக்கிறது, அழுகை இருக்கிறது, சொல்ல வேண்டியது இருக்கிறது. அவர் இல்லை. சுற்றி உட்கார ஆள் இல்லை. ஒரு சாவுக்கு ஒரு தரம்தான் அழலாம். எனக்கு அந்த ஒரு தரம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். "நான்தான்டி" என்றேன்.

"குரல் நல்லாயிருக்கேம்மா" என்றாள்.

"ஆமாடி. வந்துருச்சு."

"அப்பாவுக்கு வரலியே." வைத்துவிட்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் எழுதினால் விளக்குக்கு ஒன்றும் ஆகாது. மகளே, அன்றைக்கு நீ என் தோளில் சாய்ந்தபோது நான் சொல்லியிருக்க வேண்டியது இது. ராகத்தை நீ போட்டுக்கொள்.

எனக்குக் குளிர்கிறது என்று, தில்லி ஜூன் மாதத்தில் கூலரை நிறுத்திவிட்டு, கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் போய்ப் படுத்தவரே. கொசு கடிக்குதா என்று கேட்டால், உன் குறட்டைக்குக் கொசுவே மேல் என்றவரே. எனக்கு வார்த்தை வர நேரமானபோது எல்லோரும் எழுந்து போனார்கள், நீங்கள் மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தீர்களே. என் புருவம் உதிர்ந்ததைப் பார்த்து, சரோஜினி நகர் போய், வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, கடைக்காரனிடம் மை பென்சில் கேட்டு வாங்கி வந்தீர்களே. அதை எனக்கு வரையத் தெரியாமல் நீங்களே வரைந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் ஆகி, இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் சிரித்தோமே. உங்களுக்கு அழ என்னை விட்டால் யார் இருந்தார்கள்? வந்தவர்கள் எல்லாம் நான் தொடங்குவேன் என்று காத்திருந்தார்கள். நான் தொடங்காததால் யாருமே ஒப்பாரி வைக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் யாரும் இப்படிச் சத்தமில்லாமல் போனதில்லை. நீங்கள் போனீர்கள்.

இவ்வளவுதான் எழுத முடிந்தது. கை வலிக்கிறது. இன்றைக்குப் பேத்தி வந்திருக்கிறாள், என் பெண்ணின் பெண். டப்பாவில் வத்தக்குழம்பு. நான் எழுதி முடிக்கட்டும் என்று கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் எழுத்து ஓரளவு தெரியும், தமிழ்ச் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்தது. காகிதத்தை நீட்டினேன். மேலே இருக்கிற வரியைப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, யே க்யா ஹை? இது 'ழ'வா, 'ள'வா?" என்கிறாள்.

"'ழ'தான்டி. அழுகைக்கு அதுதான்."

"இதை மம்மிகிட்ட எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எடுத்துட்டுப் போ. ஆனா மொதல்ல எனக்குப் படிச்சுக் காட்டு கண்ணு. ஜல்தி ஜல்தியா படிக்காத, நிறுத்தி நிறுத்திப் படி. உன் அம்மா காதுக்கு இது சாக்குச் சொல்ற மாதிரிக் கேக்குமா, அழற மாதிரிக் கேக்குமான்னு நான் கேட்டுப் பாக்கணும்."